கதைவழிக் கற்கும் அருஞ்சொற்கள்

சொல்லை நெஞ்சில் நிறுத்துவதற்குக் கதையைத் துணைக்கு அழைப்பது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. பஸராவில் வாழ்ந்த அல்ஹரீரீ (1054–1122) இயற்றிய 'மகாமாத்' என்னும் நூலின் 50 கதைகளிலும் அபூ ஸைத் என்னும் நாவன்மை மிக்க நாடோடி ஊர் ஊராகச் சென்று, தன் பேச்சால் மக்களை மயக்கிப் பொருள் பெறுகிறான். அவனுடைய அடுத்த தந்திரம் யாதோ என்னும் ஆவலில் மாணவன் ஏட்டைப் புரட்டுகிறான்; புரட்டும் ஏடெல்லாம் அரபு மொழியின் அருஞ்சொற்களைக் கற்றுக்கொள்கிறான். அரபுக் கல்லூரிகளில் அந்நூல் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக விளங்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆங்கில அருஞ்சொற்களைக் கற்பிக்க இதே வழியை மேற்கொண்ட நூலொன்று 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. பிரையன் லீஃப் என்பவர் எழுதிய 'டிஃபைனிங் ட்வைலைட்' என்பது அதன் பெயர். ஸ்டெஃபனி மேயர் 2005-இல் வெளியிட்ட 'ட்வைலைட்' என்னும் புதினமே அதற்கு அடிப்படை. இரத்தம் பருகி வாழும் இனத்தைச் சேர்ந்த இளைஞன்மீது பள்ளி மாணவி ஒருத்தி காதல் கொள்ளும் கதை அது. இளையோர் அதை விரும்பிப் படித்தனர். லீஃப் அக்கதையில் வரும் கடுஞ்சொற்களைப் பொறுக்கியெடுத்து, அவை வரும் பக்கங்களைக் குறித்து, அங்குச் சென்று பொருளை ஊகிக்குமாறு மாணவனைப் பணிக்கிறார். ஊகித்த பின்னரே பொருளைக் காணச் சொல்கிறார். அதன்பின் பயிற்சி வினாக்கள் தொடர்கின்றன. எஸ்.ஏ.டி. முதலிய தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்வதே நூலின் நோக்கம்.

வெறும் கேளிக்கைக் கதையைக் கல்விக்குக் கருவியாக்கலாமா என்று முகம் சுளிப்போர் உளர். அவர்கள் ஓர் ஆய்வைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1975-இல் அட்கின்சன், ராஃ என்னும் அறிஞர் இருவர் 120 ரஷ்யச் சொற்களை மாணவர்க்குக் கற்பித்துச் சோதித்தனர். ரஷ்ய மொழியில் 'ஸ்வனோக்' என்றால் மணி. அதன் இறுதி ஒலி, 'ஓக்' என்னும் மரத்தின் ஆங்கிலப் பெயரை ஒத்திருக்கிறது. ஓக் மரத்தில் மணிகள் காய்த்துத் தொங்குவதாக மனத்திற் கண்டால் சொல் பதிந்துவிடும் என்பது அவர்கள் முறை. இவ்வாறு கற்றோர் 72 விழுக்காடு சொற்களை நினைவுகூர்ந்தனர். ஏனையோர் 46 விழுக்காடே கூறினர். அறியாத சொல்லை அறிந்த பொருளோடு பிணைத்தால் நினைவு வலுப்பெறும் என்பது இதனால் விளங்கும். இளைஞனுக்கு நன்கு அறிமுகமானது அவன் விரும்பிப் படித்த கதையாயின், அதனோடு பிணைப்பதில் தவறென்ன?

ஆயினும் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டிற்று. ஆறு வாரங்கள் கழித்துச் சோதித்தபோது அந்த 72 விழுக்காடு 43 ஆகக் குறைந்திருந்தது. ஏனையோருடைய 46 விழுக்காடு 28 ஆயிற்று. நினைவுத் துணை சொல்லைக் கொண்டுவந்து தருகிறதே தவிர, அதை நிலைக்கச் செய்யும் பொறுப்பு வேறொன்றனுக்கு உரியது.

அப்பொறுப்பில் பாதியைச் சொல்லின் வேர் ஏற்கிறது. கிதாபு, காதிப், மக்தப் ஆகிய மூன்றும் எழுதுதலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று அறிந்த சிறுவன் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நினைவுகூர்கிறான். ஜே. கே. ரௌலிங் 1997 முதல் எழுதிய ஹாரி பாட்டர் கதைகளில் இந்த நன்மை தற்செயலாகவே வாய்த்திருக்கிறது. அவற்றில் வரும் மந்திரச் சொற்கள் பலவற்றுக்கு இலத்தீன் மொழியே தாய். விளக்கேற்றும் 'லூமோஸ்' மந்திரத்தை அறிந்த பிள்ளைக்கு, ஒளிர்வது என்னும் பொருளுடைய 'லூமினஸ்' எளிதில் விளங்கும். வதைக்கும் 'குரூஷியோ' மந்திரத்தை அறிந்தவன், தாங்கவொண்ணா வலியைச் சுட்டும் 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்' என்னும் சொல்லை மறவான். உண்மையைக் கக்கவைக்கும் மருந்தாகிய 'வெரிட்டாசீரம்', வாய்மையைக் குறிக்கும் 'வெராசிட்டி'க்கு வழிகாட்டும். ஆனால் 'விங்கார்டியம்' போன்றவை ஆசிரியை புனைந்த கலவைகள். எது பழைய வேர், எது புனைவு என்று பிரித்துக்காட்ட ஆசிரியர் ஒருவர் உடனிருத்தல் நலம்.

மறுபாதிப் பொறுப்பு சொல் வாழும் வாக்கியத்துக்கு உரியது. லீஃப் நூலின் சிறப்பும் குறையும் இங்கேதான் தெரிகின்றன. கதையிலே பொருளை ஊகிக்கச் சொன்னது சிறப்பு. ஊகித்தபின் சுருக்கமான பொருளையும் ஒத்த சொற்களையும் தந்து மேலே நகர்ந்துவிடுவது குறை. மேயரின் கதையில் பயின்றுவரும் 'ஷக்ரின்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். எண்ணியது கைகூடாமையாலோ பிறர்முன் தாழ்வுற்றமையாலோ உள்ளத்தில் எழும் கசப்பான வெட்கம் அது. வெட்கம் என்று மட்டும் மனனம் செய்த மாணவன், மணப்பெண்ணின் நாணத்துக்கும் அச்சொல்லையே எழுதிவிடுவான். நாணம், கூச்சம், வெட்கம், அவமானம் ஆகியவற்றைத் தமிழில் நாம் இடமறிந்து ஆள்வது பட்டியலைப் படித்தா? பேச்சிலும் நூலிலும் பலகால் கேட்டுப் பழகியதன் பயனன்றோ அது!

தேர்வு நடத்துவோரும் இதனை உணர்ந்தனர் எனலாம். எஸ்.ஏ.டி. தேர்வு 2016-இல் திருத்தியமைக்கப்பட்டபோது, அருஞ்சொல்லால் வாக்கியத்தை நிரப்பும் பழைய வினாக்கள் நீக்கப்பட்டன. ஒரு பத்தியில் ஒரு சொல் என்ன பொருளில் ஆளப்பட்டுள்ளது என்று கேட்கும் வினாக்கள் முதன்மை பெற்றன. தேர்வுக்கெனப் பட்டியலை மட்டும் நெட்டுருச் செய்தவரின் உழைப்பு அதனால் பெரிதும் பயனிழந்தது. கதையையே ஊன்றிப் படித்தவர் இழந்தது ஏதுமில்லை.

ஹரீரீயின் நூலை மாணவர் தனியே படித்ததில்லை. ஷரீஷீ (இறப்பு 1222) போன்றோர் எழுதிய விரிவுரையும், சொல்லுக்குச் சொல் நின்று விளக்கும் ஆசிரியரும் துணையிருந்தனர். இச்சொல் இங்கு ஏன் வந்தது, இதன் இடத்தில் மற்றொன்று வந்தால் என்ன கெடும் என்று வினவிய பின்னரே பாடம் நகரும். லீஃப் நூலில் இல்லாதது அந்த வினாவே.

ஆகவே, பெற்றோர் இத்தகைய நூல்களை வெறுத்தொதுக்க வேண்டா. அவற்றை மட்டும் நம்பவும் வேண்டா. பிள்ளை விரும்பும் கதையையே அவன் கையிற் கொடுங்கள். கற்ற சொல்லை வைத்து அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதே சொல் வேறொரு நூலில் எதிர்ப்படும்போது அவன் அதை அடையாளம் கண்டு மகிழ்வானாயின், அச்சொல் அவனுக்கு உரியதாகிவிட்டது என்று கொள்ளலாம்.