கண்ணகி வராத கதைகள்

ஐஸக் அஸிமாவ் எழுதிய 'நான், ரோபாட்' என்ற புத்தகத்தைச் சென்ற மாதம் மறுபடியும் படித்தேன். முதல் தடவை படித்தபோது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அப்போது அது கெட்டிக்காரத்தனமான துப்பறியும் கதைகளின் தொகுதியாகத்தான் எனக்குப் பட்டது. இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. செயற்கை அறிவு யந்திரங்களை எப்படிச் சட்டத்துக்குள் கொண்டுவருவது என்று உலகமெங்கும் சர்க்கார்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சு நடக்கிற இடங்களிலெல்லாம் யாராவது ஒருவர், "அஸிமாவ் அன்றைக்கே மூன்று விதிகளை எழுதி வைத்துவிட்டாரே" என்று சொல்லாமல் இருப்பதில்லை. நிறையப் படிக்கிறவரான என் நண்பர் ஒருவரும் அப்படித்தான், "அதையே சட்டமாக்கிவிட்டால் போதாதா, ஸார்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினேன்.

அஸிமாவ் 1920-ல் ருஷ்யாவில் பிறந்தவர். மூன்று வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்து, தகப்பனாரின் மிட்டாய்க் கடையில் உட்கார்ந்து பத்திரிகைக் கதைகள் படித்தே எழுத்தாளரானவர். பின்னால் உயிர்ரசாயனப் பேராசிரியராகவும் இருந்தார். 1940-க்கும் 1950-க்கும் இடையில் பத்திரிகைகளில் வெளிவந்த ஒன்பது கதைகளைச் சேர்த்து, 1950 டிசம்பரில் இந்தப் புத்தகம் வந்தது. யந்திரங்களின் மனநிலையை ஆராய்கிற ஸூஸன் கால்வின் என்ற எழுபத்தைந்து வயது மாது, ஒரு நிருபரிடம் தன் வாழ்க்கையை நினைவுகூர்வதுபோல் கதைகள் கோக்கப்பட்டிருக்கின்றன.

மூன்று விதிகள் பிரசித்தமானவை. யந்திரம் மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது. தீங்கு நேர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது. அதற்கு விரோதமில்லாத வரையில் மனிதன் சொன்னபடி கேட்க வேண்டும். இரண்டுக்கும் விரோதமில்லாத வரையில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். 1942 மார்ச் மாதம் வெளியான ஒரு கதையில்தான் இவை முதன்முதலாக முழு வடிவில் வந்தன. விதிகளை வகுத்துச் சொன்னவர் பத்திரிகாசிரியர் ஜான் காம்ப்பெல்தான் என்றார் அஸிமாவ். காம்ப்பெல்லோ, அவை அஸிமாவின் கதைகளிலேயே இருந்தவை என்றார். பெருமையை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் இந்தக் காட்சி இலக்கிய உலகில் அடிக்கடி காணக் கிடைப்பதல்ல.

இலக்கியம் என்ற அளவில் பார்த்தால் புத்தகத்தில் குறைகள் நிறைய. வசனம் தட்டையானது. கால்வினைத் தவிர மற்றப் பாத்திரங்களுக்கு முகமே இல்லை; பெயர்களை மாற்றிப் போட்டாலும் கதை பழுதில்லாமல் நடக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விதிகளைப் புகழ்கிறவர்கள் கதைகளைப் படிக்கவில்லை என்பது இந்தத் தடவை எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஏறக்குறைய ஒவ்வொரு கதையிலும் விதிகள் சங்கடத்தில் மாட்டிக்கொள்கின்றன. அவை மாட்டிக்கொள்ளாவிட்டால் கதையே இல்லை.

அந்த 1942-ஆம் வருஷத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். புதன் கிரகத்தில் ஸெலினியம் எடுத்துவர ஒரு ரோபாட்டை அனுப்புகிறார்கள். கட்டளையை அழுத்தமில்லாமல் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்கள். ரோபாட்டோ விலை உயர்ந்தது. ஆகவே தன்னைக் காத்துக்கொள்ளும் மூன்றாம் விதியைக் கம்பெனி அதற்குச் சற்றுக் கூடுதலாகவே ஊட்டியிருக்கிறது. ஆபத்தான அந்தக் குட்டையை நெருங்கவும் முடியாமல், விட்டு வரவும் முடியாமல், செக்குமாடு மாதிரி அது சுற்றிக்கொண்டேயிருக்கிறது. இரண்டு மனிதர்கள் வெயிலில் வெந்து சாக வேண்டிய நிலை. மனிதர்களில் ஒருவன் தன்னையே ஆபத்தில் நிறுத்திக்கொண்ட பிறகுதான் அதற்குப் புத்தி தெளிகிறது. பொருளின் விலையை உத்தேசித்து விதியின் எடையைக் கூட்டியது கம்பெனி. கதையில் வருகிறவர்கள் அதைக் குற்றமாகவே நினைக்கவில்லை.

என் அபிப்பிராயத்தில் தொகுதியின் சிறந்த கதை, காணாமற்போன ரோபாட்டைப் பற்றிய 1947-ஆம் வருஷத்துக் கதை. விண்வெளியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். விஞ்ஞானிகள் சற்று நேரம் கதிர்வீச்சில் நின்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மனிதனுக்கு ஆபத்து என்று ரோபாட்டுகள் ஓடிவந்து அவர்களை இழுத்துவிடுகின்றன; வேலை தடைப்படுகிறது. என்ன செய்கிறார்கள்? முதல் விதியில் பாதியை வெட்டிவிட்டுச் சில ரோபாட்டுகளைச் செய்து வாங்குகிறார்கள். தீங்கு செய்யக் கூடாது என்பது மட்டும் இருக்கும். தீங்கைத் தடுக்க வேண்டும் என்பது இருக்காது. சர்க்கார் கேட்கிறது, கம்பெனி கொடுக்கிறது, வெளியில் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஒன்று, தன்னைப்போலவே தோற்றமளிக்கும் அறுபத்திரண்டு ரோபாட்டுகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்கிறது. கால்வினை வரவழைக்கிறார்கள். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, புத்தகம் முழுவதிலும் மனித ரத்தம் ஓடுகிற இடம் அது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

யந்திரம் கிளர்ந்தெழுந்து மனிதனை அழிக்கும் என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். விதி தளர்வது காரியாலயத்தில்தான், வேலைச் சௌகரியத்துக்காக, ஒரு வாக்கியத்தில் பாதியை அடித்துவிடுவதால்தான் என்று எழுத அஸிமாவுக்குத் தோன்றியது. இதற்காக அவருடைய தட்டையான வசனங்களையெல்லாம் மன்னித்துவிடலாம்.

ஆனால் கடைசிக் கதையை என்னால் மன்னிக்க முடியவில்லை. உலகத்தின் பொருளாதாரம் முழுவதையும் நான்கு பெரிய யந்திரங்கள் நடத்துகின்றன. அங்கங்கே சிறு சிறு தவறுகள் நேர்கின்றன. உலகத் தலைவர் கவலையோடு கால்வினிடம் வருகிறார். அவள் யோசித்துக் கண்டுபிடிப்பது இது: தவறுகள் தவறுகளே அல்ல. யந்திர ஆட்சியை எதிர்க்கிறவர்களைப் பொறுப்பான பதவிகளிலிருந்து மெதுவாக நகர்த்துவதற்கு யந்திரங்களே செய்கிற ஏற்பாடு. மனித குலத்துக்கு எது நல்லது என்று அவற்றுக்குத் தெரியும், நமக்குச் சொல்லமாட்டா. தலைவர் திடுக்கிடுகிறார். கால்வின் நிம்மதி அடைகிறாள். ஆசிரியரும் அவள் பக்கம்தான் சாய்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படி நகர்த்தப்பட்ட மனிதர்கள் எங்கே? அவர்களுடைய வீடு எங்கே? ஏன் என்று அவர்கள் யாரைப் போய்க் கேட்டார்கள்? ஒன்பது கதைகளிலும் தேடினேன். எஞ்சினியர்கள் வருகிறார்கள், முதலாளிகள் வருகிறார்கள், தலைவர்கள் வருகிறார்கள். வழக்குக் கொண்டுவருகிற மனுஷி ஒருத்தி வரவில்லை.

நமக்கு இந்தக் குறை சட்டென்று தெரிவதற்குக் காரணம் நாம் சிலப்பதிகாரத்தில் வளர்ந்தவர்கள். பாண்டியன் செய்தது மகாபாதகமான தவறுதான். பொற்கொல்லனின் பேச்சை விசாரிக்காமல் நம்பி ஓர் உயிரைப் போக்கினான். ஆனால் அவனுடைய அரண்மனைக்கு ஒரு வாசல் இருந்தது. வாயிற்காவலன் உள்ளே போய்ச் சொன்னான். அரசன் அவளை அழைத்துக் கேட்டான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். இத்தனையும் இருந்ததால்தான் அது காவியமாயிற்று. அஸிமாவின் கடைசி அரண்மனைக்கு வாசலே வைக்கவில்லை.

கற்பனைக் கதைக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்கிறேன். சர்க்காரிடம் உதவித்தொகை பெற்றவர்கள் அளவுக்கு மேல் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க, 2016-ல் கணக்கை யந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். வருமானவரிக் காரியாலயம் தரும் வருஷ வருமானத்தை அது இருபத்தாறு பங்காக வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று முடிவு கட்டும். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு ஆறு மாதம் வேலையில்லாமல் உதவி வாங்கியவன் வருஷம் முழுவதும் சம்பாதித்தவனாகிவிடுவான். உடனே அவனுக்குக் கடன் நோட்டீஸ் போகும். கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவன் பொறுப்பு. 2019 நவம்பரில் இந்த முறை சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றத்தில் முடிவாயிற்று. மறு வருஷம், சுமார் 4,70,000 கடன்களைத் திருப்பித் தருவதாக சர்க்கார் அறிவிக்க வேண்டி வந்தது. 2023 ஜூலையில் விசாரணைக் கமிஷனின் அறிக்கை வந்தது. பிள்ளைகளைத் தற்கொலையில் பறிகொடுத்த தாய்மார்கள் அந்தக் கமிஷன் முன் சாட்சி சொன்னார்கள்.

கவனியுங்கள். இங்கே செயற்கை அறிவுகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பையன் போடுகிற வகுத்தல் கணக்கு. அஸிமாவின் மூன்று விதிகளை அந்த யந்திரத்துக்குள் எழுதி வைத்திருந்தாலும் ஒன்றும் பயன் இருந்திருக்காது. தீங்கு என்றால் என்னவென்று அதற்குத் தெரிந்தால்தானே? தெரிந்திருக்க வேண்டியவர்கள் அதை ஏவிய உத்தியோகஸ்தர்களும் மந்திரிகளும்.

பிறகு ஐரோப்பிய யூனியனின் செயற்கை அறிவுச் சட்டத்தைப் படித்தேன். 2024 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்த அதில் 113 ஷரத்துகள் இருக்கின்றன. நாவலாசிரியன் படிக்கிற புத்தகம் இல்லைதான். நாலு பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. ஆனாலும் அஸிமாவிடம் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. அதன் கட்டளைகள் யந்திரத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டவை அல்ல. செய்து விற்கிறவனையும் வாங்கி உபயோகிக்கிறவனையும் பார்த்துச் சொல்லப்பட்டவை. மக்களுக்கு நடத்தை மார்க் போட்டு அதன்படி அவர்களைத் தண்டிப்பதை ஐந்தாம் ஷரத்து தடை செய்கிறது. ஆபத்து மிகுந்த யந்திரங்களை மனிதன் மேற்பார்வையிட வேண்டும், வேண்டியபோது நிறுத்தவும் அவனுக்கு முடிய வேண்டும் என்கிறது பதினான்காவது. அத்தகைய யந்திரத்தின் துணையோடு செய்த முடிவால் பாதிக்கப்பட்டவன் விளக்கம் கேட்கலாம் என்கிறது எண்பத்தாறாவது. வாயிற்காவலன் அந்த ஷரத்தில்தான் நிற்கிறான்.

குறைகள் அதற்கும் உண்டு. ராணுவக் காரியங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். ஆபத்து மிகுந்த யந்திரங்களுக்கான கடமைகளில் பெரும்பாலானவை 2026 ஆகஸ்டில் தொடங்க வேண்டும் என்று எழுதினார்கள். 2025 நவம்பரிலேயே தேதியைத் தள்ளிவைக்க ஐரோப்பியக் கமிஷன் யோசனை கொண்டுவந்துவிட்டது. தொழிலுக்குச் சிரமமாக இருக்கிறதாம். விண்வெளி நிலையத்தில் முதல் விதியைப் பாதியாக வெட்டியவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். அதே 2025 நவம்பரில் நம் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளோ, இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டங்களே போதும் என்ற முடிவுக்கு வந்தன.

போதுமா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறாள். ஐம்பது வருஷம் பிறர் வீட்டுப் பாத்திரம் தேய்த்தவள். சென்ற வருஷம், அவளுக்கு வர வேண்டிய பணத்துக்காக ஒரு காரியாலயத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். கட்டை விரலை மூன்று தடவை வைத்தாள். பிறகு மற்ற விரல்களையும் வைத்தாள். சாம்பலும் சவுக்காரமும் தின்ற ரேகையை யந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பையன் நல்லவன். "நான் என்ன செய்யறது பாட்டி, மிஷின் எடுத்துக்கலையே" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டான். பாட்டி அவனைக் கோபிக்கவில்லை. "சரிப்பா, நான் யார்கிட்டப் போய்ச் சொல்லணும்?" என்று மட்டும் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான்கு தடவை அலைந்த பிறகு, ஒரு மேலதிகாரி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குத்தான் பணம் வந்தது.

என் நண்பருக்கு இப்போது பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அஸிமாவைப் படியுங்கள், காணாமற்போன ரோபாட்டின் கதையை இரண்டு தடவை படியுங்கள். ஆனால் மூன்று விதிகளைச் சட்டமாக எழுதப் போகிறவர்கள், யந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பாட்டி கேட்ட கேள்விக்கு ஒரு பெயரும், ஓர் அறையும், அந்த அறையில் உட்கார ஓர் ஆளும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். கால்வினுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. அவள் ஒரு நாளும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றதில்லை.