எழும்பூர் ஆவணங்கள் யாருக்குச் சாட்சி?

1826 மார்ச்சில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பின் பின்னால் மூன்று எண்கள் நிற்கின்றன. மாகாணத்திலுள்ள பள்ளிகள் 12,498. படிக்கும் பிள்ளைகள் 1,88,650 பேர். மக்கள்தொகை 1,28,50,941. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குப் படிவம் அனுப்பி வாங்கிய கணக்கிலிருந்து பிறந்தவை இவை. அந்தப் பதில்களும் அவற்றைச் சுற்றி நடந்த கடிதப் போக்குவரத்தும் வருவாய் வாரிய நடவடிக்கைத் தொகுதிகளாக எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

1983இல் தரம்பால் இந்தக் கணக்கெடுப்பை ஒரு நூலாகத் தொகுத்தார். ஆங்கிலக் கல்வி வருமுன் இங்கே எழுத்தறிவே இல்லை என்று சொல்லிவந்தவர்களுக்கு அது பெரிய அடி. தமிழ் மாவட்டங்களில் திண்ணைப் பள்ளி மாணவர்களில் பெரும்பான்மையினர் பிராமணர் அல்லர். ‘சூத்திரர்’, ‘பிற சாதியார்’ என்ற பத்திகளில் பதிவானவர்கள். இதை ஆட்சியர்களின் சொந்தக் கணக்கைக் கொண்டே அவர் காட்டினார். அந்த அளவில் அவர் வாதம் இன்றும் அசையவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு பொற்காலத்தை எழுப்பியவர்கள் படிவத்தையே மறந்துவிட்டார்கள். ‘பிற சாதியார்’ என்பவர் யார்? அந்தப் பத்திக்குள் எந்தச் சாதிகள், எந்த ஊரில் எத்தனை பேர் என்பதைப் படிவம் கேட்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தனிப்பத்தி உண்டு. அதில் விழுந்த எண்களோ மிகச் சிறியவை. சென்னை நகரில் வீட்டிலேயே படிப்பவர்கள் 26,903 பேர் என்று வந்த கணக்கை மன்றோவே நம்பத் தயங்கினார்.

இதே வாரியம் பள்ளிக் கணக்கெடுப்புக்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1819இல், ஆட்சியர்களிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தது: உங்கள் மாவட்டத்தில் அடிமைகள் உண்டா? தஞ்சாவூர், திருச்சி, செங்கல்பட்டுப் பகுதிகளிலிருந்து வந்த பதில்களில் பள்ளரும் பறையரும் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்த நிலை எழுதப்பட்டிருக்கிறது. நிலத்தோடு சேர்த்து ஆளையும் கைமாற்றியதை ஆட்சியர்கள் வழக்கமான செய்தி போலவே குறிப்பிடுகிறார்கள். தர்மா குமார் 1965இல் வெளியிட்ட தம் ஆய்வுக்கு இத்தகைய பதில்களைத்தான் அடித்தளமாகக் கொண்டார். பள்ளிக் கணக்கில் முகம் காட்டாத பிள்ளையின் தகப்பனை அடிமைக் கணக்கில் பார்க்கலாம். ஒரே வாரியம், ஒரே பத்தாண்டுக்குள், இரண்டு கேள்விகள். முதல் கோப்பை மட்டும் படித்தவர் பெருமைப்படுவார். இரண்டாவதை மட்டும் படித்தவர், கிராமத்தில் திண்ணைப் பள்ளி என்று ஒன்று இருந்ததையே மறந்துவிடுவார்.

எழும்பூர்த் தொகுப்பை மதிப்பிட இதுவே என் அளவுகோல். அங்கே இருப்பவை ஆட்சி கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்கள். கேட்காத கேள்விக்கு அங்கே பதிலைத் தேடக் கூடாது.

தொகுப்பின் பரப்பு பெரியது. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைப் பதிவுகள் 1670 முதல் தொடங்குகின்றன. சென்னை ஆவண அலுவலகம் தனியாக 1909இல் அமைந்தது. 1973இல் இன்றைய பெயரைப் பெற்றது. கொச்சியிலிருந்த டச்சுக்காரர்களின் ஏடுகளும், 1845இல் தரங்கம்பாடியை விற்றுவிட்டுப் போன டேனியர்களின் ஏடுகளும் இங்கேதான். டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் அந்தத் தொகுப்பில் சென்னைக்கும் பங்கு உண்டு. அப்போதைய மாகாணம் கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை, மலபாரும் தென்கன்னடமும் சேர்ந்தது. ஆகவே தெலுங்கர், மலையாளி, கன்னடர் வரலாறும் இங்கே புதைந்திருக்கிறது. மாறாக, திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய அரசாங்கத் தாள்களைப் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். தமிழர் வரலாறு முழுதும் எழும்பூரில் இருப்பதாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோட்டைப் பதிவுகளுக்குக் கிடைத்த மதிப்பு மிகையானது என்பது என் எண்ணம். ஹென்றி டாட்வெல் போன்ற காப்பாளர்கள் அவற்றை அச்சிட்டுப் பரப்பியதால், சென்னை வரலாறு என்றாலே ஆளுநர், கவுன்சில், கப்பல், துணி வியாபாரம் என்று ஆகிவிட்டது. அச்சில் வந்ததைத்தான் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறோம். அவற்றிலும் கூர்ந்து படித்தால் வேறொன்று கிடைக்கும். 1687இல் பஞ்ச காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியே அடிமைகள் கப்பலேறினார்கள். கவுன்சில் அதற்குச் சுங்கம் வைத்தது. மறுவருடம் மொகலாயரின் நெருக்கடிக்குப் பணிந்து தடைவிதித்தது. எலைஹு யேல் ஆளுநராக இருந்த காலம் அது. ஏற்றிச் செல்லப்பட்ட ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. சுங்கம் போட்ட கைகளின் பெயர்கள் தெரியும்.

ஆள்பவன் எழுதியதால் இந்தத் தாள்கள் நம்பத்தகாதவை என்ற முடிவுக்கு இதை வைத்தே சிலர் வருகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அரசு ஒரே குரலில் பேசுவதில்லை. மேலதிகாரிக்குக் கீழதிகாரி எழுதும்போது, ஒரு துறை இன்னொரு துறையை மறுக்கும்போது, வெளியே சொல்லாத உண்மைகள் உள்ளே வந்துவிடுகின்றன. 1877 பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானிய அளவுக்குக் குறைத்தபோது, மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவில் உழைக்கும் மனிதன் உயிர்வாழ முடியாது என்று எதிர்த்து எழுதினார். அந்த வாக்குவாதம் அரசின் சொந்தத் தாள்களில் இருக்கிறது. பஞ்சத்தில் செத்தவரின் குரல் இதில் இல்லைதான். ஆனால், சாவுக்குக் காரணமான உத்தரவு தெரிந்தே போடப்பட்டது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேறெங்கே கிடைக்கும்?

இந்த வகைச் சான்றில் உச்சமாக நான் கருதுவது செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அனுப்பிய குறிப்பும் அதைச் சுற்றிய கோப்பும். மிராசுதார்கள் தரிசு நிலத்துக்கான தர்காஸ்து மனுக்களில் முன்னுரிமை கோரி, பண்ணையாள் ஒரு காணிக்கும் உரிமையாளனாகாமல் தடுத்ததை அவர் விவரித்தார். குடியிருக்கும் மனைகூட மிராசுதார் கையில் இருந்ததால், எதிர்த்துப் பேசினால் குடிசையை இழக்க வேண்டும் என்பதையும் எழுதினார். மேலே இருந்தவர்கள் பலர் இதை மறுத்தார்கள், மழுப்பினார்கள். அந்த மறுப்புகளையும் அதே கோப்பு வைத்திருக்கிறது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில், மாகாண அரசு இந்தப் பிரச்சினையை மத, சமூக விவகாரமாக மாற்றித் தன் பொறுப்பைத் தட்டிக்கழித்த விதத்தை இத்தகைய கோப்புகளைக் கொண்டே நிறுவினார். இவ்வளவு இழுபறிக்குப் பிறகு 1892 செப்டம்பர் 30இல், ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வதன் தொடக்கம் அதுதான். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்ற நிபந்தனைகள் பிற்பாடு வாரிய நிலையாணைகளில் ஏறின.

அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கிராமங்களில் எல்லோரும் அறிவார்கள். காரணை என்ற ஊரில் அதைக் கேட்டு எழுந்த போராட்டம் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டபோது, எவர் அனுபவத்தில் இருந்தாரோ அவர் பெயரே பல இடங்களில் ஏறிவிட்டது. அதற்கு முந்தைய ‘அ’ பதிவேடும் செட்டில்மெண்ட் பதிவேடும் இல்லாமல் பஞ்சமி என்று நிரூபிக்க வழியில்லை. கோயில் நிலமும் வக்ஃபு நிலமும் இதே நிலையில்தான் இருக்கின்றன: 1860களில் இனாம் ஆணையம் எழுதிய பதிவேட்டை, வக்கீல்கள் ஐ.எஃப்.ஆர். என்று சொல்வதை, நீதிமன்றம் இன்றும் கேட்கிறது. ஆய்வாளர்களுக்கு வரலாறாக இருப்பது மனுதாரர்களுக்குச் சாப்பாடு.

இங்கேதான் காப்பகத்தின் மேல் என் குறை தொடங்குகிறது. நடவடிக்கைத் தொகுதிகளுக்கும் அரசாணைகளுக்கும் ஆண்டுவாரியாக, துறைவாரியாகக் குறியேடுகள் உண்டு. அவை அந்தக் காலத்து எழுத்தர்கள் கவனமாகச் செய்த வேலை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவை ஆங்கிலத்தில், அதிகாரிகளின் தலைப்புகளில், அதிகாரிகளுக்காகச் செய்யப்பட்டவை. எந்தத் துறை, எந்த ஆண்டு, என்ன எண் என்பது முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் வழி திறக்கும். தன் ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்து வருகிற விவசாயிக்கு அது மூடிய கதவு. ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதப்பட்டிருப்பது இன்னொரு சிக்கல். இரண்டு நூற்றாண்டுகளின் குற்ற ஒப்புதல்கள் ஒரு கட்டடத்தில் இருக்க, அவற்றால் பயனடைய வேண்டியவர்கள் இடைத்தரகரை நம்பி நிற்கிறார்கள். இந்தத் தவறுக்கு வெள்ளைக்காரனைக் காரணம் காட்ட முடியாது.

பக்கங்களை மின்படமாக்கும் வேலையைப் பலரும் பாராட்டுகிறார்கள். தாள்கள் பிழைப்பதற்கு அது தேவை. பதினெட்டாம் நூற்றாண்டின் துணிக்கந்தைத் தாள் இன்னும் மடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மரக்கூழ்த் தாளோ புளிப்பேறி, சென்னையின் ஈரத்தில் விரல்பட்டாலே உதிர்கிறது. ஷிஃபான் துணி ஒட்டிச் செப்பனிடுவது மெதுவான வேலை. ஆனால் தேடுவதற்குக் குறியேடு இல்லாத லட்சம் படங்கள் பழைய இருட்டைத் திரைக்கு மாற்றுவதோடு நின்றுவிடும்.

இன்னொரு கேள்வியைக் காப்பகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் எழுப்புவதில்லை: எது எழும்பூருக்கு வந்து சேர்கிறது? அது வட்டாட்சியர் அலுவலக மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. முடிந்த கோப்பின் மேல் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று எழுதினால் ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டில் அது அழிக்கப்படும், நி.மு. என்றால் நிரந்தரமாக இருக்கும். எழுதுகிறவர் தன் அலுவலகத் தேவையை வைத்துத்தான் முடிவு செய்கிறார். சாதி வன்முறை பற்றிய ஒரு மனு, ஒரு நிலத்தகராறு விசாரணை, மூன்றாண்டுத் தாளாகக் கழிந்துவிடும் வாய்ப்பு மிகப் பெரியது. 1891இல் டிரெமென்ஹீர் எழுதியது நமக்குக் கிடைத்தது. 1991இல் ஒரு வட்டாட்சியர் அதே துணிச்சலோடு எழுதியிருந்தால் அது கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம். 1980இல் வருவாய் வாரியம் கலைக்கப்பட்ட பிறகு, கருத்து மாறுபாடுகளை விரிவாகப் பதிந்துவைத்த நடவடிக்கைத் தொகுதிகள் என்ற வகையே நின்றுபோனது.

கிடைத்ததை உழைத்துப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 1908 மார்ச் 13இல் நெல்லையில் வெடித்த எழுச்சியை, அரசின் ரகசியக் கோப்புகளிலிருந்தும் வழக்குத் தாள்களிலிருந்தும், பெயர் தெரியாமல் போன எளிய மனிதர்களின் போராட்டமாக அவர் மீட்டார். போலீசும் ஆட்சியரும் கலகக்காரர் என்று எழுதிவைத்தவர்களின் தொழிலும் ஊரும் அதே தாளில் இருந்ததால் அது முடிந்தது. ஆள்பவனின் தாளைத் தலைகீழாகப் படிக்கும் இந்த முறைக்கு வெளிச் சான்றுகள் துணை வேண்டும்: பத்திரிகை, கடிதம், வாய்மொழி, ஓலை. 1767 முதல் 1774 வரை பார்னார்டு நடத்திய செங்கல்பட்டு அளவீட்டின் ஆங்கிலச் சுருக்கம் எழும்பூரில் உள்ளது. அதற்கு மூலமான தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான், கணக்குப்பிள்ளை எழுதியதில் எதைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்று புரிகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. நிலத்தையும் அதிகாரத்தையும் பற்றி எழும்பூர் ஆவணங்கள் முதல்தரச் சாட்சி. அரசு தனக்கு எதிராகவே எழுதிவைத்த வாக்குமூலம் என்பதால் அதன் எடை கூடுகிறது. மக்கள் வாழ்வைப் பற்றி அது அரைகுறைச் சாட்சி. வேறு துணையின்றி அதை நம்பி ஒரு பொற்காலமோ ஓர் இருண்ட காலமோ எழுதுவது தவறு. பொது நிறுவனம் என்ற வகையில் அது தேறவில்லை. மாநில அரசு உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இனாம் பதிவேடுகள், செட்டில்மெண்ட் பதிவேடுகள், அரசாணை 1010ஐத் தொடர்ந்த ஒப்படை ஆணைகள் ஆகியவற்றுக்கு, வட்டம் வட்டமாக, இன்றைய ஊர்ப் பெயரும் பழைய எழுத்துக்கூட்டல்களும் சேர்த்து, தமிழில் ஒரு குறியேடு. பழைய நில அளவை எண்ணுக்கு நேரே இன்றைய புல எண்ணும் அதில் இருக்க வேண்டும்.