பெயர் மட்டும் போதும்

அடிப்பிடித்த சட்டியை இரும்பு நாரால் சுரண்டும்போது ஒரு கரகரப்பு வருமே, அந்தக் கரகரப்பில் ஒருவர் பாடவும் முடியும் என்பது 1989 வரை எனக்குத் தெரியாது.

சூரிச்சுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அகதி விண்ணப்பம் ஏதோவொரு மேசையில் கிடந்தது. நான் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சமையற்காரர் இத்தாலிக்காரர். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அவருடைய சின்ன ரேடியோ அலமாரி உச்சியில் எந்நேரமும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பின்னேரம், கூட்டம் முட்டிக்கொண்டிருந்த நேரம், மனிதர் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினார்.

முதலில் ஒரு தாழ்ந்த குரல், காதுக்குள் கதைப்பது போல. ஆணா பெண்ணா என்று ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு பல்லவி வந்தது. என் கையிலிருந்த பீங்கான் தொட்டிக்குள் விழுந்தது. பெண் குரல் என்றால் எனக்குச் சுசீலாவும் ஜானகியும்தான். தேன், பால், குயில் என்றுதான் சொல்லிப் பழக்கம். இது தேனும் இல்லை, பாலும் இல்லை. சுரண்டச் சுரண்ட அடியில் வெள்ளி மின்னுகிற மாதிரி ஒரு குரல். யார் என்று சைகையால் கேட்டேன். சமையற்காரர் விரல்நுனிகளை முத்தமிட்டு "டினா!" என்றார். பிறகு ஐந்து விரல்களைக் காட்டி, அதன் பக்கத்தில் ஒரு சுழியம் போட்டுக் காட்டினார். ஐம்பது வயதாம்! பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பகிடி இல்லை. அந்த நவம்பரில் டினா டர்னருக்கு ஐம்பது நிறைந்தது.

பாட்டின் பெயர் 'தி பெஸ்ட்'. அந்த மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சிய காசில் 'ஃபாரின் அஃபேர்' ஒலிநாடா வாங்கினேன். ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். "உந்தக் கத்தலை நிப்பாட்டடா" என்று ஐந்து பேரும் கத்துவார்கள். நான் போர்வைக்குள் வோக்மனோடு படுத்துக்கொள்வேன்.

வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தது, அந்தப் பாட்டே இரவல் என்பது. அதற்கு முந்தைய வருடம் போனி டைலர் பாடி, பெரிதாக எடுபடாமல் போனது அது. டினா அதை எடுத்து, நடுவில் ஒரு புதுப் பகுதி வேண்டும், சுருதி ஒரு படி ஏற வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பாடினார். பாட்டு மேலே தூக்கிக்கொண்டு போகும் அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். பாட்டு எழுதியவர்களுக்கே தோன்றாத படிக்கட்டு அது.

தோண்டிப் பார்த்தால் இந்த அம்மாவின் வாழ்க்கை முழுக்க இரவல்தான். டென்னசி மாநிலத்தில் நட்புஷ் என்று ஒரு பருத்திக்காட்டுக் கிராமம். அங்கே வளர்ந்த ஆனா மே புல்லக்தான் இவர். செயின்ட் லூயிஸ் பக்கம் ஐக் டர்னரின் இசைக்குழு வாசிக்கிற இடத்துக்கு அக்காவோடு போவார். இடைவேளையில் ஒருநாள் அக்காவிடம் ஒலிவாங்கி நீட்டப்பட்டது. அக்கா மாட்டேன் என்றார். தங்கை பிடுங்கிக்கொண்டார். பாடியது பி.பி. கிங்கின் பாட்டு. 1960இல் வந்த முதல் வெற்றிப்பாட்டு 'எ ஃபூல் இன் லவ்', வேறொரு பாடகருக்காக எழுதப்பட்டது. அவர் ஒலிப்பதிவுக்கு வரவில்லை. சும்மா அளவுக்குப் பாடிவை, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இவரை நிறுத்தினார்கள். மாற்றவில்லை, மாற்றவும் முடியாது.

'டினா' என்ற பெயரும் இரவல்தான். ஷீனா என்ற காட்டு ராணியின் கதையில் மயங்கி ஐக் வைத்த பெயர் அது. வைத்ததோடு நிற்காமல் அதைத் தன் உடைமையாகப் பதிவும் செய்துகொண்டார். இந்தப் பெண் ஓடிப்போனால் இன்னொருத்தியை நிறுத்தி அவளுக்கும் அதே பெயரை வைக்கலாம் அல்லவா! கடையின் பெயர்ப்பலகை மாதிரி.

'ப்ரவுட் மேரி'யைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுதுவது பாவம். அதுவும் ஜான் ஃபோகர்ட்டியின் பாட்டு. அவருடைய குழு 1969இல் நன்றாகவே பாடியிருக்கிறது. ஆற்றிலே நீராவிப் படகு போகிற பாட்டு. 1971இல் ஐக்கும் டினாவும் அதை எடுத்தார்கள். தொடக்கத்தில் டினா பாடுவதே இல்லை, கதைக்கிறார். முதலில் மெதுவாகத் தருவோம், பிறகு முரட்டுத்தனமாகத் தருவோம் என்று அவையோருக்கு ஒரு முன்னறிவிப்பு. பிறகு உண்மையிலேயே விளம்ப காலம். படகு கரையை விட்டு நகரவே மனமில்லாமல் ஆடுகிறது. ஐக்கின் குரல் கீழே கிடந்து உறுமுகிறது. இரண்டு நிமிடத்துக்கும் மேலே இப்படியே நம்மைக் காயவிடுவார்கள். திடீரென்று மத்தளம் ஓர் உருட்டு உருட்டும், கொம்புகள் வெடிக்கும். அவ்வளவுதான்! டினாவும் பின்னால் நிற்கிற பெண்களும் கைகளை உருட்டி, தலையைச் சுழற்றி, குதிக்காலில் நின்றுகொண்டு ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதைக் காணொளியில் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. உயர்ந்த குதிச் செருப்போடு ஆடிக்கொண்டே சுருதி பிசகாமல் பாடுவது எப்படி என்று என் மகளிடம் கேட்டேன். அவள் பதினைந்து வருடம் பரதம் பயின்றவள். "அப்பா, அது மனுசர் செய்யிற வேலை இல்லை" என்றாள்.

மேடைக்கு வெளியே நடந்தது வேறு. கணவரான ஐக்கிடம் பதினாறு வருடம் அடியும் உதையும். முகத்து வீக்கத்தைப் பூச்சால் மறைத்துக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். 1968இல் தூக்க மாத்திரைகளை விழுங்கிச் சாகப் பார்த்திருக்கிறார். 'ஐ, டினா' என்று 1986இல் வந்த சுயசரிதையை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தபோது பல இடங்களில் மூடிவைத்தேன். 1976 ஜூலையில், டல்லஸ் நகரத்தில், ஐக் தூங்கியவுடன் ஹோட்டலை விட்டு வெளியே வந்து, லாரிகள் விரைகிற நெடுஞ்சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்தார். கையில் 36 சென்ட் காசும் பெற்றோல் போடுகிற ஓர் அட்டையும். எதிர்ப்பக்கத்து விடுதியில் போய், யார் என்று சொல்லி, அறை கேட்டார். கொடுத்தார்கள்.

விவாகரத்து 1978இல் முடிந்தது. சேர்ந்து உழைத்த சொத்தில் பெரிதாக எதையும் கேட்கவில்லை. பாதியில் விட்ட கச்சேரிகளின் கடனைக்கூடத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அவர் விடாப்பிடியாகக் கேட்டது பெயரை. டினா டர்னர் என்ற பெயர் எனக்கு வேண்டும்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் நடந்த கூத்து ஒன்று இருக்கிறது. குடும்பப் பெயர் என்ன என்று படிவத்தில் கேட்டார்கள். நமக்கு ஏது? அப்பாவின் பெயரை எழுதினோம். அன்றையிலிருந்து வங்கியிலும் வைத்தியரிடமும் வேலையிடத்திலும் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில், யாரையோ அழைக்கிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவேன். பிறரால் ஒட்டப்பட்ட பெயரை உதறாமல், அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போன ஒரு பெண் எனக்கு ஏன் அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்தார் என்பதை இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததை உலகமே அறியும். ஆனாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. அரசாங்க உணவு முத்திரைகளில் சாப்பிட்டார். ஹோட்டல் மண்டபங்களில் பாடினார். முடிந்த ஆள் என்று இசைக் கம்பெனிகள் கணக்கை மூடியிருந்தன. அல் கிரீனின் பழைய பாட்டு ஒன்றை 1983இல் லண்டனில் புதுச் சத்தத்தோடு பாடினார்; கதவு திறந்தது. அடுத்த வருடம் 'பிரைவேட் டான்சர்' தொகுப்பு. பெயர்ப் பாட்டை மார்க் நாப்ஃப்ளர் எழுதி, ஆண் வாயில் இது நிற்காது என்று ஒதுக்கி வைத்திருந்தார். 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' இவருக்குப் பிடிக்கவே இல்லை. வற்புறுத்திப் பாடவைத்தார்கள். அது 1984 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் ஏறியபோது அம்மாவுக்கு 44 வயது. அதுவரை அந்த வயதில் எந்தத் தனிப் பாடகியும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. அந்தத் தொகுப்பு ஒரு கோடிக்கும் மேல் விற்றது. கிராமி விருதுகளில் அந்த வருடத்தின் சிறந்த ஒலிப்பதிவு, பெண்களில் சிறந்த பாப் குரல், சிறந்த ராக் குரல் எல்லாம் இவருக்கே. ராக் என்பது கிற்றார் பிடித்த வெள்ளைக்காரப் பையன்களின் சொத்து என்று எழுதாத சட்டம் இருந்த காலத்தில், ஒரு கறுப்புப் பெண், அதுவும் நடுவயதில்!

சும்மா புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எண்பதுகளின் மின்விசைப்பலகைச் சத்தம் சில பாட்டுகளில் இன்று அலுமினியப் பாத்திரம் போலக் கேட்கிறது. 1999இல் வந்த 'ட்வென்டி ஃபோர் செவன்' தொகுப்பை நான் வருடத்துக்கு ஒரு தடவைகூட எடுப்பதில்லை. 'மேட் மாக்ஸ்' படத்தில் அவர் அணிந்த அந்த இரும்பு வலைச் சட்டைக்காக மட்டும் படத்தை மன்னிக்கிறேன். ஆனால் 1988 ஜனவரியில் ரியோவின் மரக்கானா அரங்கில் 1,80,000 பேருக்கு முன்னால் பாடியிருக்கிறாரே, அந்த ஒளிநாடாவைத் தேய்த்தே விட்டேன். அத்தனை சனத்தையும் ஓர் அறைக்குள் இருத்திக் கதைக்கிற மாதிரி அல்லவா நிற்கிறார்!

நேரில் பார்க்கவில்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. கடைசி வாய்ப்பு 2009இல் வந்தது. ஐம்பதாண்டு நிறைவுச் சுற்றோடு சூரிச்சுக்கே வந்தார். அது இலங்கையில் வன்னிப் போரின் கடைசிச் செய்திகள் வந்துகொண்டிருந்த மாதங்கள். நாங்கள் குளிரில் பதாகையோடு சதுக்கங்களில் நின்றோம். அவர் அந்த மே 5ஆம் திகதி ஷெஃபீல்டில் தன் கடைசிக் கச்சேரியைப் பாடி முடித்தார். எங்களுக்கு அந்த மே வேறு மாதிரி முடிந்தது. அதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அவர் என் ஊர்க்காரர்தான். தொண்ணூறுகளிலிருந்து சூரிச் ஏரிக்கரையில், கூஸ்நாஹ்ட்டில் குடியிருந்தார். 2013இல் சுவிஸ் குடியுரிமை எடுத்தார். அதற்காக நேர்முகத்துக்குப் போய், இந்த நாட்டைப் பற்றிய கேள்விகளுக்கு ஜெர்மனில் பதில் சொன்னாராம். அதே மாதிரியான மேசைக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு இருந்தவன் நான். ராக் அரசிக்கும் அதே மேசை என்றபோது எனக்குப் பத்து நாள் சிரிப்பு. அந்த வருடமே, தன்னைவிடப் பதினாறு வயது இளையவரான எர்வின் பாஹை மணந்தார். டினாவின் சிறுநீரகம் கைவிட்டபோது 2017இல் எர்வினே தன்னுடைய ஒன்றைக் கொடுத்தார்.

2023 மே 24ஆம் திகதி மாலை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன். மனைவி குசினிக்குள்ளிருந்து, "உங்கட ஆள் போயிட்டாவாம்" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். முப்பது வருடம் என்னைப் பகிடி பண்ணினவள், அன்று தானே எழுந்துபோய் 'பிரைவேட் டான்சர்' போட்டாள்.

மறுநாள் எஸ்-பான் ரயில் ஏறிக் கூஸ்நாஹ்ட்டுக்குப் போனேன். அவர் வீட்டு வாயிற்கதவடியில் பூக்கள், மெழுகுதிரிகள், கையால் எழுதின அட்டைகள். பையில் ஒரு கொத்து வெள்ளைச் செவ்வந்தி கொண்டுபோயிருந்தேன். சுவிஸ்காரர் அதைக் கல்லறைப் பூ என்பார்கள், நமக்கு அது பூசைப் பூ. வைத்தேன். பக்கத்தில் ஒரு வயதான சுவிஸ் அம்மா, எழுபத்தைந்து இருக்கும், கைத்தடியோடு. தோல் சட்டை போட்ட இளைஞர் ஒருவர், மூக்கில் வளையம். யாரும் யாரோடும் கதைக்கவில்லை. இந்த நாட்டில் அப்படித்தான்.

அந்த அம்மா கைபேசியை எடுத்து எதையோ தட்டினார். 'ப்ரவுட் மேரி'. முதலில் அந்தப் பேச்சு, பிறகு விளம்பம். நாங்கள் மரியாதையாக நின்றோம். மத்தளம் உருண்டதும் அந்த அம்மா கைத்தடியை மதிலில் சாய்த்துவிட்டு இரண்டு கைகளையும் உருட்டத் தொடங்கினார். மூக்கு வளையத்தானும் ஆரம்பித்தான். எனக்கு ஐம்பத்தைந்து வயது, வலது முழங்காலில் தேய்மானம். ஆடினேன். கேவலமாகத்தான் ஆடினேன்.

பாட்டு முடிந்ததும் அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கைநீட்டித் தன் பெயரைச் சொன்னார். நான் என்னுடையதைச் சொன்னேன், அப்பாவினுடையதை அல்ல. அடுத்த ரயிலுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னேன்.