தென்னைக்கு மண் மீட்டர்: முள்ளை நம்பி உரத்தை நிறுத்தாதீர்கள்

ஈரம், அமிலத்தன்மை, வளம் மூன்றையும் காட்டும் மண் மீட்டர் பலருக்கும் தெரிந்ததுதான். பேட்டரி வேண்டாம், சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. பெங்களூரில் எங்கள் வீட்டுப் பின்புறத் தென்னைகளுக்காக வாங்கி, சில வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஈரம் காட்டுவதில் குறையில்லை. என் கோபமெல்லாம் 'வளம்' காட்டும் அந்த முள்ளின் மீதுதான்.

மரத்தடியில் எங்கே குத்தினாலும் முள் பச்சைக் கட்டத்தில் போய் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் அடிமட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள். கீற்று நுனியெல்லாம் கருகிக் கிடக்கிறது. சாம்பல் சத்து குறைந்த தென்னை இப்படித்தான் இருக்கும். அதே மண்ணை ஒரு தொட்டியில் போட்டு மழைநீர் ஊற்றிக் குத்தினேன், 'குறைவு' என்றது. ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கரைத்து ஊற்றியதும் முள் பச்சைக்குத் தாவிவிட்டது! சமையல் உப்பில் தழைச்சத்தும் இல்லை, மணிச்சத்தும் இல்லை, சாம்பல் சத்தும் இல்லை. ஈர மண்ணில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் இந்த மீட்டர் அளக்கிறது. எந்த உப்பு கரைந்திருந்தாலும் மின்சாரம் பாயும். உப்பேறிய போர்வெல் தண்ணீர் பாய்ச்சும் தோட்டத்தில் முள் பச்சையில் நிற்காமல் வேறென்ன செய்யும்? இதைப் போய் உரத்தேவை காட்டும் கருவி என்று பெட்டியில் அச்சடித்து விற்பது அநியாயம்.

காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 500 கிராம் தழை, 320 கிராம் மணி, 1,200 கிராம் சாம்பல் சத்து என்பது காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. சாம்பல் சத்து மட்டுமே 2 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமம். முள்ளை நம்பி அதை நிறுத்தினால் மரம் அடிமட்டைகளிலிருந்து சத்தை உறிஞ்சியே காலம் தள்ளும். அதனால் மஞ்சளான மட்டையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். உரத்தைத் தண்டை ஒட்டிக் கொட்டாமல், 1.8 மீட்டர் ஆர வட்டப் பாத்தியில் பரப்பி, மண்ணோடு கிளறித் தண்ணீர் விடுங்கள்.

உரமாகப் பிண்ணாக்கும் போடுவதென்றால், வீட்டில் நாய் இருந்தால் ஆமணக்குப் பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ரிசின் கொடிய நஞ்சு. தோண்டித் தின்ற நாய் இறந்துவிடவும் கூடும். வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள்.

ஈரம் பார்க்க மட்டும் என்றால் இந்த மீட்டரை வாங்கலாம். உரத்துக்கு, பாத்தியில் நாலைந்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து, பெங்களூர் ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.