ஒன்றரை மடங்கு என்கிற தப்புக்கணக்கு

இணையதளங்களின் அணுகல்தன்மையைச் சோதித்து எழுதும் அறிக்கைகளில் ஒரு வரி எனக்கு அடிக்கடி கண்ணில் படுகிறது: "வரி இடைவெளி 1.5, சரி." பக்கத்துல ஒரு பச்சை டிக். அந்த டிக் வாசகருக்கு எதை உறுதி செய்கிறது என்று தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றுமே இல்லை.

வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி இதைப் பற்றி இரண்டு விதிகள் வைத்திருக்கிறது. 2008-ல் வந்த 2.0 பதிப்பில் 1.4.8 என்ற விதி, பத்திக்குள் வரி இடைவெளி ஒன்றரை மடங்காவது இருக்க வழி வேண்டும் என்கிறது. ஆனால் அது மூன்று 'ஏ' நிலை. அதாவது விரும்பினால் செய்யலாம் என்ற வகை, யாரும் சீண்டுவதில்லை. 2018 ஜூனில் வந்த 2.1 பதிப்பின் 1.4.12 இரண்டு 'ஏ' நிலை. மத்திய அரசுத் தளங்களுக்கான 2023 வழிகாட்டியும் இந்த நிலையைத்தான் கேட்கிறது. எல்லாரும் டிக் போடுவது இந்த இரண்டாவது விதிக்கு. வேடிக்கை என்னவென்றால், பக்கத்தை 1.5 இடைவெளியில் வடிவமைக்கச் சொல்லி இந்த விதி கேட்கவே இல்லை. வாசகர் தன் வசதிக்காக வரி இடைவெளியை எழுத்தளவில் 1.5 மடங்கு, பத்தி இடைவெளியை 2 மடங்கு, எழுத்திடை 0.12, சொல்லிடை 0.16 என்று மாற்றிக்கொண்டால், பக்கத்தில் எதுவும் மறையக் கூடாது, வெட்டுப்படக் கூடாது, வேலை செய்யாமல் போகக் கூடாது. கேட்பது அவ்வளவுதான். அதாவது பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும். நம்ம ஆட்கள் 1.5 என்று ஒரு எண்ணை எழுதிவிட்டு, விட்டுக்கொடுக்கிற வேலையை விட்டுவிடுகிறார்கள்.

தமிழில் இதன் விலை கூடுதல். எங்க ஊர் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: கொடுங்கையூர். ங், ர் இரண்டுக்கும் தலைமேல் புள்ளி. யூ கோட்டுக்குக் கீழே இறங்கிச் சுழிக்கிறது. பல எழுத்துருக்களில் 'ர' என்பது காலை வெட்டினால் துணைக்காலாகவே தெரியும். மேலும் கீழும் நீளும் இந்தத் துண்டுகள் அலங்காரம் அல்ல, அவைதான் எழுத்து. மேல்பக்கம் கொஞ்சம் வெட்டுப்பட்டால் 'வரி' 'வர' ஆகிவிடும், 'கல்' 'கல' ஆகிவிடும். இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்பார்கள். நல்ல கண் உள்ளவர் புரிந்துகொள்வார். கண்புரை உள்ளவரோ ஏற்கெனவே பாதி எழுத்தை ஊகித்துத்தான் படிக்கிறார், அவர் தலையில் இன்னொரு ஊகத்தையும் ஏற்றுவது என்ன நியாயம்?

பொத்தான்களில் இது நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்று எழுதிப் பாருங்கள், கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்து ஒன்றுகூட இல்லை. அந்தச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த பெட்டியில், உயரத்தைப் பூட்டி, மிஞ்சுவதை மறைக்கச் சொல்லிவிட்டு, பிறகு 'சமர்ப்பி' என்று தமிழைத் திணிக்கிறார்கள். ர், ப், பி என்று வரிசையாக மூன்று எழுத்து தலையை உயர்த்துகிறது. புள்ளிகள் காலி.

1.5 என்பது எதில் ஒன்றரை மடங்கு என்ற கேள்வியும் இருக்கு. எழுத்துருவின் பெயரளவு உயரத்தில். 16 பிக்சல் என்றால் 24. ஆனால் அந்த 16-க்குள் தமிழ் எழுத்து எவ்வளவு இடம் அடைக்கும் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். பழைய விண்டோஸில் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ. தளம் ஆங்கிலத்துக்கு மட்டும் எழுத்துரு குறிப்பிட்டிருந்தால், தமிழுக்குக் கருவியில் எது இருக்கிறதோ அதுதான் வரும். 1.4.12-க்கான விளக்கவுரையில் ஏறக்குறைய 480 மொழி, எழுத்துமுறைகளில் சோதித்ததாகவும் பாதகம் தென்படவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். பாதகம் இல்லை என்பது வேறு, போதுமானது என்பது வேறு. போன் திரையில் தமிழ்ச் சொற்கள் வரிக்கு மூன்று நான்குதான் நிற்கும், கண் அடுத்த வரிக்குத் தாவும் வேலை அவ்வளவு அதிகம். என் கணிப்பில் சின்னத் திரையில் தமிழுக்கு 1.6, 1.7 வைப்பது தவறே இல்லை.

உண்மையான சேதம் நடக்கும் இடம் 'அ+' பொத்தான். ஒரு அரசுத் தளத்தில் பார்த்தேன் (பெயர் வேண்டாம், இது பல இடத்து வியாதி): எழுத்து 16 பிக்சல், வரி உயரம் 22 பிக்சல் என்று பூட்டியிருக்கிறது. 'அ+' இரண்டு தடவை தட்டினால் எழுத்து 24 ஆகிறது, வரி அதே 22. மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியில் போய் மோதுகிறது. பார்வை குறைந்தவருக்காக வைத்த பொத்தான், அவர் தொட்டதும் பக்கத்தைப் படிக்க முடியாததாக்குகிறது.

திருத்தம் சின்னது. வரி உயரத்தை அலகு இல்லாமல் வெறும் 1.5 என்றோ 1.6 என்றோ எழுத வேண்டும். 150 சதவீதம் என்று எழுதினாலும் அதேதானே என்று தோன்றும், இல்லை. பக்கத்தின் தலையில் சதவீதம் போட்டால் உலாவி அதை அங்கேயே 24 பிக்சலாகக் கணக்கிட்டு, அந்த 24-ஐத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். 32 பிக்சல் தலைப்புக்கும் அதே 24. அலகில்லாத எண் என்றால் பெருக்கும் விகிதம்தான் இறங்கும், ஒவ்வொரு எழுத்தளவும் தனக்கான உயரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். கூடவே பெட்டிகளுக்கு நிலையான உயரம் வைக்காமல், குறைந்தபட்ச உயரம் மட்டும் வைத்தால் போதும்.

இதெல்லாம் வடிவமைப்பாளர் சமாச்சாரம் என்று தள்ள முடியாது. இங்கே ஏறக்குறைய 340 ஏக்கர் பரப்பளவில் குப்பைமேடு கிடக்கிறது. பயோமைனிங், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம், அதற்கு எதிர்ப்பு என்று இந்தப் பகுதிக்காரர்கள் படித்தாக வேண்டிய காகிதங்கள் குறைவில்லை. அவற்றில் பல இப்போது போன் திரையில்தான் வருகின்றன. அதுவும் சில சமயம் சாய்வாக ஸ்கேன் செய்த படமாக. அங்கே இடைவெளியை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை, இருக்கிறதைப் பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியதுதான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைக்கான 15-வது விதி வெறும் பரிந்துரையாக இருப்பது அந்தச் சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. கட்டாயம் வந்தால் டிக்குகளும் பெருகும். அப்போது சோதிப்பவர்கள் 1.5 எழுதியிருக்கா என்று கோப்பைத் திறந்து பார்க்க வேண்டாம். ஒரு பொத்தானில் 'சமர்ப்பி', இரண்டு வரித் தலைப்பில் மேலும் கீழும் 'கொடுங்கையூர்' என்று போட்டு, எழுத்தை இரட்டிப்பாக்கி, ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் பார்க்கட்டும். யூ-வின் சுழியும் கீழ்வரி ங்-கின் புள்ளியும் தொடாமல் இருந்தால் டிக் போடலாம்.