வில்லியம் கேரியின் அருட்பணி அழைப்பில் அட்டவணையின் பங்கு

சக கிறித்தவர்களை அருட்பணிக்குத் தூண்டும் நோக்குடன் வில்லியம் கேரி 1792இல் லெஸ்டரில் வெளியிட்ட சிறுநூல், உருக்கத்தைக் காட்டிலும் கணக்கையே நம்பி வாதிடுகிறது. இயேசுவின் கட்டளை அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டது என்னும் கருத்தை அது முதற்பகுதியிலேயே மறுக்கிறது. முன்னோர் முயற்சிகளைத் தொகுக்கும் அடுத்த பகுதியில், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் இடம்பெறுகிறார்.

நூலின் உயிர்நாடி மூன்றாம் பகுதி. நாடு, நீளம், அகலம், மக்கள்தொகை, சமயம் என நிரல்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. உலக மக்கள் 73 கோடியே 10 இலட்சம். அவர்களுள் ‘புறச்சமயத்தார்’ 42 கோடி. இரங்குவதற்கு முன்பே வாசகர் எண்ணத் தொடங்கிவிடுகிறார். தொலைவும் உயிரச்சமும் தடை என்போருக்கு, நீர்நாய்த் தோலின் இலாபத்துக்காகக் கடல் கடக்கும் வணிகரைக் கேரி சுட்டிக்காட்டுகிறார், கூரிய விடைதான். அவர் கேட்பவையும் எளியவை: செபம், ஒரு சங்கம், வாரம் ஒரு பென்னியேனும் காணிக்கை. அவ்வாண்டு அக்டோபரிலேயே கெட்டரிங்கில் பாப்டிஸ்டு அருட்பணிச் சங்கம் உருவாயிற்று.

எனினும், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டார், கிரேக்க, ஆர்மீனியத் திருச்சபையினர் எனக் கிறித்தவரைப் பிரித்தெண்ணும் இந்நூல், இந்துவையும் பௌத்தரையும் ‘புறச்சமயத்தார்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிறது. எங்கே செல்வது என்பதில் காட்டும் நுட்பத்தை, அங்கே வாழ்வோர் எதை நம்புகின்றனர் என்பதில் அது காட்டவில்லை. பின்னாளில் செராம்பூரில் மார்ஷ்மனுடன் வால்மீகி இராமாயணத்தை மொழிபெயர்த்து 1806 முதல் அச்சிட்ட கேரியை இவ்வட்டவணையிலிருந்து ஊகித்தறிய இயலாது.