“நம்ம ஓட்டத்துக்கு லோக்கல் போதும் சார்”

நங்கநல்லூரில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இந்த வாதத்தை அடிக்கடி கேட்கலாம். “வண்டியை எடுக்கறதே ஆஞ்சநேயர் கோயிலுக்கும் ஏர்போர்ட்டுக்கும்தான். வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினா ஜாஸ்தி. இதுக்கு எதுக்கு ஒரிஜினல் லோயர் ஆர்ம்?” மெக்கானிக்கும் தலையாட்டுவார். டயர் தேய்மானத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு செல்லும். சஸ்பென்ஷனுக்குச் செல்லாது என்பது என் கட்சி.

காரணம், சஸ்பென்ஷனில் முதலில் போவது பெரும்பாலும் இரும்பு இல்லை, ரப்பர். ஆர்மில் இருக்கும் புஷ், பால் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் சின்ன ரப்பர் உறை, இரண்டுமே கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் கிழடாவதில்லை. சென்னை வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் போதும், நின்ற இடத்திலேயே வெடிக்கும். மலிவான பாகம் செய்பவர் செலவைக் குறைக்கக் கைவைப்பதும் இங்கேதான். கடை கவுண்டரில் வைத்துப் பார்த்தால் நல்ல ரப்பரும் மட்ட ரப்பரும் ஒரே கறுப்பு. பால் ஜாயிண்ட்டின் தண்டைச் சரியாக ஹீட் ட்ரீட்மெண்ட் செய்தார்களா என்பதும் அப்படியே, கண்ணுக்குத் தெரியாது.

உறையில் முடியளவு வெடிப்பு விழுந்தால் போதும். மழைக்குப் பழவந்தாங்கல் சுரங்கப்பாதைப் பக்கம் தேங்கும் தண்ணீரில் நாலு தடவை போனால் சேறு உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், குண்டு உட்காரும் கிண்ணம் தேயும். முதலில் ஸ்பீடு பிரேக்கரில் “டொக் டொக்” என்று ஒரு சத்தம். அதையும் விட்டால் ஒரு நாள் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்று, சக்கரம் மடிந்து படுத்துவிடும். தெருமுனையில் நடந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அந்தக் “கோயில் வண்டி” தீபாவளிக்குக் குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் கும்பகோணம் போகும். போய்வர சுமார் 600 கிலோமீட்டர். அந்த 2,000-த்தில் கால் பங்குக்கு மேல் நெடுஞ்சாலை வேகம்! இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இணையக் கடைகளின் நட்சத்திர மதிப்புரைகள் இதைவிட மோசம். “நேற்று மாட்டினேன், சத்தமே இல்லை, ஐந்து நட்சத்திரம்.” புதிதாக மாட்டிய எந்தப் பாகமும் முதல் வாரம் சத்தம் போடாது. இரண்டு மழைக்காலம் தாண்டி எழுதிய மதிப்புரையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த ஸ்பிரிங் பஃபர். நம் தெருக்களின் வேகத்தடை வயல் வரப்பு மாதிரி. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். கார் அடிதட்டுகிறது என்று காயில் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ஒரு ரப்பர்த் துண்டைச் செருகுகிறோம். வேலை செய்யும் சுருள்கள் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முடங்கினால் மீதி 5. ஸ்பிரிங்கின் விறைப்பு 20 சதவீதம் கூடுகிறது. ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்குக் கணக்குப் பண்ணியது. அது புதிய துள்ளலை அடக்கத் திணறும். சக்கரம் தரையை விட்டு எழும் அந்த நொடியில் பிரேக் எதைப் பிடிக்கும்? உண்மையில் குற்றவாளி வேகத்தடை, தண்டனை ஸ்பிரிங்குக்கு.

இதெல்லாம் கார் கம்பெனி முத்திரை உள்ள பெட்டிக்கு விளம்பரம் இல்லை. ரானே மெட்ராஸ், 1961-இல் தொடங்கிய கேப்ரியல் மாதிரி நிறுவனங்கள் கார் தயாரிப்பாளர்களுக்கும் பாகம் தருகின்றன, தங்கள் பெயரிலும் வெளிச்சந்தையில் விற்கின்றன. அது சிக்கனம். சிக்கல், அதே பெட்டியைப் போலி அடிப்பதிலும், பெயரே இல்லாத பெட்டியிலும் இருக்கிறது. ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் சரி, நங்கநல்லூரிலேயே வாங்கினாலும் சரி, “பில் வேண்டாம்னா கொஞ்சம் கம்மி” என்பார்கள். அங்கேதான் பிடி நழுவுகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருள் தீங்கு செய்தால் விற்றவரே பொறுப்பேற்க நேரும். பில் இல்லாமல் விற்றவர் யார் என்று எப்படி நிரூபிப்பது?

ஒன்று சொல்லியாக வேண்டும்: நல்ல பாகத்தையும் கெடுத்து மாட்டலாம். ரப்பர் புஷ் உள்ள ஆர்மின் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகுதான். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும். பிறகு “ஒரிஜினலும் இப்படித்தான் சார்” என்று பேர் கெடும். இந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கியவரிடம் இதைக் கேட்டேன். “கீழே இறக்கினா ஸ்பானர் போகாது சார்” என்றார். பள்ளமோ, சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சாய்தளமோ இருந்தால் போகும்.